பழுதுபார்க்கும் கையும் படிக்கும் கண்ணும்

ஒரு பொருளை அறிந்தோம் என்று நாம் எப்போது சொல்லலாம்? அதன் பெயரைச் சொல்லத் தெரிந்தபோதா, அதைப் பயன்படுத்தத் தெரிந்தபோதா, அல்லது அது செயலிழந்து கிடக்கும்போது மீண்டும் அதனை இயங்கவைக்கத் தெரிந்தபோதா? தத்துவ நூல்களில் இக்கேள்வி பலவாறாக எழுப்பப்பட்டிருக்கிறது. எனக்கு இது நூலிலிருந்து எழவில்லை. மல்லாவியிலே தகரக் கூரையின் கீழ் இயங்கும் ஒரு திருத்தகத்தின் மேசையிலிருந்து எழுந்தது.

சென்ற ஆண்டு அந்த மேசையில் ஓர் உலோகப் பெட்டி கிடந்தது. எட்டு அங்குல நீளம், மூன்றேகால் அங்குல உயரம், கருநிற முகப்பு, முகப்பின் நடுவிலே கிடையாக ஒரு பிளவு. அது ஒரு நெகிழ்வட்டுச் செலுத்தி. இன்றைய மாணவர் பலர் ‘பிளொப்பி’ என்ற சொல்லையே கேட்டறியார். கணனித் திரையிலே சேமிப்பதற்கு அடையாளமாக நிற்கும் சிறு சதுரப் படத்தை மட்டும் கண்டிருப்பர். இரும்பு ஒட்சைட்டு பூசிய மெல்லிய பிளாத்திக்கு வட்டம் ஒன்று, உறைக்குள் இருந்தபடியே சுழலும். அதன்மீது ஒரு சிறு ‘தலை’ தொட்டு நின்று, காந்தப் புள்ளிகளாக எழுதும், எழுதியதைப் படிக்கும். ஐபிஎம் நிறுவனம் எட்டு அங்குல வட்டை 1971 இல் விற்பனைக்கு விட்டது. ஐந்தேகால் அங்குல வட்டு 1976 இல் வந்தது. சோனி நிறுவனம் 2011 இல் இறுதி வகை வட்டுகளின் விற்பனையையும் யப்பானில் நிறுத்திவிட்டது. நாற்பது ஆண்டுகளிற் பிறந்து, வளர்ந்து, இறந்துபோன ஒரு தொழில்நுட்பம் இது. நம் கோவிற் கல்வெட்டுகளின் ஆயுளோடு ஒப்பிட்டால் இஃது ஒரு மூச்சு.

செலுத்தியின் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரார் மாஸ்டர் என்றே அழைப்பர்; நானும் அவ்வாறே அழைக்கிறேன். 1988, 1989 ஆம் ஆண்டுகளில் அவர் யாழ்ப்பாணத்திலே மாலை வேளைகளில் இளைஞருக்குத் தட்டச்சும் கணனியும் கற்பித்தார். வகுப்புக்கு வந்தோரின் பெயர், ஊர், பிறந்த ஆண்டு, கட்டிய பணம், எழுதிய பரீட்சை யாவும் ஒன்பது வட்டுகளிற் பதிந்திருந்தன. 1990 இல் மீண்டும் போர் மூண்டது. மின்சாரம் போயிற்று, கணனி துணி போர்த்து மூலையில் வைக்கப்பட்டது. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் யாழ்ப்பாணமே எழுந்து நடந்தபோது, கணனி முழுவதையும் தூக்க இயலாத அவர், அதன் வயிற்றைத் திறந்து இந்தச் செலுத்தியை மட்டும் கழற்றி வட்டுகளோடு எடுத்துக்கொண்டார். “பூட்டைக் காவிக்கொண்டு திறப்பை வீட்டில விட்டிட்டு வாறதோ, தம்பி?” என்று இப்போது சிரிக்கிறார். உடுதுணியையே குறைத்துக்கொண்டு நடந்த மனிதர் ஒருவர் அன்று இவ்வளவு தெளிவாகச் சிந்தித்திருக்கிறார். என் வாழ்நாளில் நான் கண்ட தருக்க அறிவுக்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

தென்மராட்சியிற் சில மாதம் இருந்துவிட்டுக் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்து அவர் வன்னிக்கு வந்தார். 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமானபோது, இடம்பெயர்ந்த மக்களையும் அலுவலகங்களையும் மல்லாவி, அக்கராயன் போன்ற இடங்கள் தாங்கின. காட்டோரக் கிராமமாயிருந்த மல்லாவி சில மாதங்களிலே சந்தையாகவும் பாடசாலையாகவும் மருத்துவமனையாகவும் பெருகிற்று. மாஸ்டரும் இங்கேயே நிலைத்தார். 2008 இன் நடுப்பகுதியில் மல்லாவியும் எழுந்து கிழக்கு நோக்கி நடக்க வேண்டியதாயிற்று. அப்போது செலுத்தியையும் வட்டுகளையும் பிஸ்கற் தகரத்தினுள் வைத்து, பொலித்தீன் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் ஒரு பாலைமரத்தடியிற் புதைத்தார். தையல் இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், பாத்திரம், காணி உறுதி என்று வன்னி மண்ணுக்குள் அவ்வாண்டு போனவற்றுக்குக் கணக்கில்லை. மீள்குடியேறியபோது வீடு நிற்கவில்லை, மரம் நின்றது. மாஸ்டர் தோண்டி எடுத்தார். பிறகும் பல ஆண்டு அந்தத் தகரம் அவருடைய கட்டிலின் கீழே கிடந்தது. திறக்கத் தெரிந்த கை ஒன்றும் அவருக்கு அகப்படவில்லை.

கை அகப்பட்டது, பாடசாலையிலும் அன்று, பல்கலைக்கழகத்திலும் அன்று. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய, இன்று கைத்தொலைபேசி திருத்திப் பிழைக்கும் ஒருவரிடத்தில். அவர் ஐம்பதைக் கடந்தவர். செலுத்தியை மேசையில் வைத்ததும் நான் அவசரப்பட்டேன். “கரண்டைக் குடுத்துப் பாப்பமோ?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஆரெண்டு தெரியாத ஆளுக்கு ஊசி போடலாமோ, சேர்?”

பெயர்ச்சீட்டு உரிந்துபோயிருந்தது. துருப்பிடித்த உடலே சாட்சி. பின்புறத்திலே முப்பத்துநான்கு தொடுமுனைகள் கொண்ட பலகை விளிம்பு. எட்டு அங்குல வகையாயின் ஐம்பது இருக்கும். அடிப்புறத்திலே மோட்டாரையும் சுழல் சக்கரத்தையும் இணைக்கும் றப்பர்ப் பட்டி. ஆகவே பட்டியைக் கைவிட்டு மோட்டாரை நேரே சுழல்தண்டில் பொருத்திய பிற்காலத்தாருடையதன்று, எண்பதுகளின் தொடக்கத்தது. தலையை முன்பின் நகர்த்தும் உறுப்பு, ஷுகார்ட் நிறுவனத்தின் முதற் செலுத்தியிற் போலச் சுருள்வரி வெட்டிய தட்டாக இல்லை. மெல்லிய உருக்கு நாடாவாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் படிக்கும் வகையாயின் மேலே தலைக்குப் பதிலாக ஒரு கம்பளித் துண்டு அழுத்திக்கொண்டிருக்கும். இங்கே மேலும் கீழும் இரு தலைகள் இருந்தன. எஞ்சியது ஓர் ஐயம். தண்டன் நிறுவனத்தின் ‘ரிஎம் 100’ வரிசையிலே நாற்பது தடங்களைப் படிப்பதும் எண்பது தடங்களைப் படிப்பதும் புறத்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் தலை செல்லும் தூரம் ஒன்றே. எடுத்துவைக்கும் அடிகளின் எண்ணிக்கைதான் வேறு. அடிகளை எண்ணினார். நாற்பதை அண்டியதும் தலை முட்டி நின்றது. ஆக, இது ‘100-2’. ஐபிஎம் நிறுவனம் 1981 இல் வெளியிட்ட முதல் தனியாட் கணனியில் இந்த வரிசைச் செலுத்தியே இருந்தது.

இதை வெறும் நேரப்போக்கு என்று எண்ணுவோர் ஒருகணம் சிந்திக்க வேண்டும். ஐந்தேகால் அங்குல வகையிலேயே பின்னர் வந்த எண்பது தடச் செலுத்தியின் தலை ஒடுக்கமானது. பழைய வட்டிலே அது எழுதினால், அகன்ற பழைய தடத்தின் ஓரங்கள் அழியாமல் எஞ்சிப் புதிய எழுத்தோடு குழம்பும். பிறகு பழைய செலுத்தி இரண்டையும் சேர்த்துப் படித்துத் தடுமாறும். இன்னதென்று அறியாமல் உதவப் போவது அழிப்பதாகவே முடியும்.

தமிழ் படித்தவனாகிய எனக்கு அந்த மேசையருகே நினைவுக்கு வந்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர். கையிலெடுத்தாலே நொறுங்கும் ஏடுகளின் நிலையைப் பதிப்புரையிலே வேதனையோடு விளக்கியவர். முதலேடு இழந்த சுவடியொன்று வந்தால் பதிப்பாசிரியன் என்ன செய்வான்? யாப்பைப் பார்ப்பான், சொல்லின் பழமையைப் பார்ப்பான், உரையின் போக்கைப் பார்ப்பான், எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பான். பின்பே நூலின் பெயரைத் துணிவான். திருத்துபவர் செய்ததும் அதுவே. முன்னதைப் புலமை என்கிறோம். பின்னதைக் கைவேலை என்கிறோம். இந்தப் பெயர் வேறுபாட்டுக்கு அறிவின் தன்மையிலே காரணம் தேடினால் அகப்படாது. ஏட்டைத் தொட்டவர் யார், இரும்பைத் தொட்டவர் யார் என்று நம் சமுதாயம் வகுத்துவைத்த படிநிலையிலேதான் அகப்படும்.

ஏட்டுக்கும் வட்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஏடு கண்ணோடு நேரே பேசும். வெளிச்சமும் எழுத்தறிவும் போதும். வட்டோ, தன்னை ஆக்கிய தொழிற்சாலை ஒன்று உலகில் எங்கோ இயங்கும்வரைதான் பேசும். மனித நினைவு இவ்வாறு கூலிக்கும் இலாபத்துக்கும் கட்டுப்பட்ட ஒரு பண்டத்துக்குள் புகுந்துகொண்டது சென்ற நூற்றாண்டின் பின்பாதியிலே நிகழ்ந்த மாற்றம். இதன் பொருளை நாம் இன்னும் முழுவதாக எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

தண்டன் என்ற பெயரை ஆங்கிலப் பெயரென்று நான் கருதியிருந்தேன். அன்று. பஞ்சாபிற் பிறந்து அமெரிக்கா சென்ற சிர்ஜங் லால் தண்டன் 1975 இல் தொடங்கிய நிறுவனம் அது. செலுத்தியின் தலை மிக நுண்ணிய கைவேலை. மயிரிழை போன்ற செப்புக் கம்பியைச் சுற்றவேண்டும், ஒட்டவேண்டும், மெருகிடவேண்டும். அமெரிக்கக் கூலிக்கு இதைச் செய்தால் விலை ஏறும். ஆகவே இந்தியாவில், குறைந்த கூலிக்கு, இந்தியத் தொழிலாளரின் விரல்களாற் செய்வித்தனர். அந்நிறுவனம் போட்டியில் முந்தியதன் இரகசியம் அதுவே. அமெரிக்க மேசைகளை அணிசெய்த ‘புதுயுக இயந்திரம்’ எழுதவும் படிக்கவும் செய்தது இந்திய விரல்கள் ஆக்கிய தலையினாலே. விற்றவர் பெயர் முகப்பிலிருந்தது. செய்தவர் பெயர் எங்குமில்லை. நிறுவனமும் 1993 இல் நொடித்துப் போயிற்று.

மார்க்ஸ் 1867 இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதற் பாகத்திலே ஓரிடத்தில், உழைப்பிற் பங்குகொள்ளாத இயந்திரம் பயனற்றது, இரும்பு துருவேறும், மரம் உளுக்கும் என்று கூறி, உயிருள்ள உழைப்பு வந்து பற்றித்தான் அப்பொருள்களை மரணத் துயிலினின்று எழுப்பவேண்டும் என்கிறார். பல்கலைக்கழகத்திற் படித்தபோது அது எனக்குப் பொருளியற் கருத்தாக மட்டும் விளங்கிற்று. துருவேறிய இந்தப் பெட்டியின் முன்னிலையில் அதன் நேர்ப்பொருள் விளங்கிற்று. இந்தியத் தொழிலாளர் ஒருவரின் உழைப்பு அதற்குள் நாற்பது ஆண்டாக உறங்குகிறது. மல்லாவித் தொழிலாளர் ஒருவரின் உழைப்பு அதனை எழுப்புகிறது. இருவரும் ஒருவரையொருவர் காணப்போவதில்லை.

எழுப்பிய கதை எளிதன்று. இறுகிய எண்ணெயைத் துடைத்தார். நகரும் தண்டுகளுக்குப் புதிய எண்ணெய் துளியளவு இட்டார். பலகையிலே குறுக்குப்பிணைப்பு ஏற்பட்டிருந்த இரு கொள்ளளவிகளை மாற்றினார். றப்பர்ப் பட்டி வெயிலிற் கிடந்த பாம்புச் சட்டைபோல் உதிர்ந்தது. முதலிற் சைக்கிள் ரியூபிலிருந்து ஒரு வளையம் வெட்டிப் போட்டார். சக்கரம் சுழன்றது. சரியான வேகத்திற் சுழல்கிறதா?

அதைக் கண்டறியும் முறையை அந்த இயந்திரமே தன் உடலிற் சுமந்திருந்தது. சக்கரத்தின் முகத்திலே இரு வட்டமாகக் கறுப்பு வெள்ளைக் கோடுகள். ஒன்றில் இருபது, மற்றதில் இருபத்துநான்கு. வட்டு நிமிடத்துக்கு 300 முறை, அதாவது செக்கனுக்கு ஐந்து முறை சுழலவேண்டும். நமது மின்சாரம் செக்கனுக்கு ஐம்பது அலை. பழைய ரியூப்லைற் அந்த மின்சாரத்திலே செக்கனுக்கு நூறு முறை மினுங்கும். நூறை ஐந்தால் வகுக்க இருபது. ஆகவே வேகம் சரியாயின், இருபது கோடுள்ள வட்டம் அந்த விளக்கின் கீழ் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும்; பிழையாயின் முன்னோ பின்னோ ஊரும். மற்ற வட்டம் அறுபது அலை நாடுகளுக்கு. அளவுகருவி எதுவும் வேண்டாம். வீட்டு விளக்கே போதும். இவ்வளவு எளிமையாகச் சிந்தித்த அந்தப் பொறியியலாளரை, யாரென்று அறியாவிடினும், வணங்கத் தோன்றிற்று.

ஆனால் விளக்கு எங்கே? திருத்தகத்திலும் சுற்றுக் கடைகளிலும் எல்லாம் எல்ஈடி. அது மின்சார அலையோடு அவ்வாறு மினுங்குவதில்லை. பழைய சோக் வைத்த ரியூப்லைற் ஒன்றைத் தேடி மூன்று நாள் அலைந்தோம். கடைசியில் ஓர் அரிசி ஆலையின் மூலையில் அகப்பட்டது. அதன் கீழே பிடித்ததும் கோடுகள் ஊர்ந்தன, நின்றன, மீண்டும் ஊர்ந்தன. சைக்கிள் ரியூபின் கனம் இடத்துக்கிடம் வேறுபட்டதே காரணம். பழைய ஒலிப்பதிவுக் கருவியொன்றின் தட்டையான பட்டியை மாற்றி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகியை இம்மி இம்மியாகத் திருப்பியபோது, கோடுகள் கல்லிற் செதுக்கியதுபோல் நின்றன. “தடைக்காலத்தில எண்டால் இதைச் செய்திருக்கேலாது, சேர்,” என்றார் அவர். “ஜெனரேற்றர் கரண்டில ஐம்பது ஐம்பதா நிக்காது. கோடு நிண்டாலும் பொய்யா நிண்டிருக்கும்.”

தடைக்காலம் என்றதும் இவருடைய கல்வி எங்கே நடந்தது என்பது தெளிவாகிறது. 1990 முதல் 2002 தொடக்கம்வரை அரசின் பொருளாதாரத் தடை இம்மண்ணை அழுத்திற்று. எரிபொருள், பற்றறி, சீமெந்து, மருந்து என எத்தனையோ தடுக்கப்பட்டன அல்லது கட்டுப்படுத்தப்பட்டன. அந்நாளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு விளக்காக்கிப் பிள்ளைகள் படித்தனர். மோட்டார்ச் சைக்கிள் பெற்றோலில் உயிர்த்து மண்ணெண்ணெயில் ஓடிற்று. யாழ்ப்பாணத்துக் கொட்டில்களிற் படுத்திருந்த ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் எழுந்து தெருவுக்கு வந்தன. இவர் பதினேழு பதினெட்டு வயதில் வானொலி திருத்தத் தொடங்கியவர். புதிய உறுப்பு வராது என்ற நிச்சயமே இவருடைய ஆசான்.

இதை வகுப்பிலே நான் பெருமிதத்தோடு சொன்னேன். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “அப்ப, சேர், தடை நல்லதா?”

அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. நம் எழுத்தாளர் பலர் இவ்விடத்திலே வழுக்குவதை நான் கண்டிருக்கிறேன். வறுமையிலும் முற்றுகையிலும் மக்கள் காட்டிய திறமையைப் பாடப் புகுந்து, தம்மை அறியாமலே முற்றுகையைப் பாடிவிடுகிறார்கள். மருந்தில்லாமல் இறந்தவர் எதையும் திருத்தவில்லை. மின்சாரமில்லாத மருத்துவமனையில் மனிதர் துடித்ததை எந்தக் கைத்திறனும் ஈடுசெய்யாது. தடை அந்தத் திறமையைப் படைக்கவில்லை. மக்கள் தம்மிடமிருந்த திறமையைத் தடைக்கு எதிராகப் பயன்படுத்தினர். இவ்வேறுபாட்டை அவளிடம் மறுநாள் சொன்னேன். அவள் முற்றிலும் ஒப்பவில்லை. “தடை இல்லாட்டி அவர் படிச்சு எஞ்சினியரா வந்திருப்பார்தானே” என்றாள். அதுவும் உண்மை. அந்த உண்மையின் கசப்பை என் விடை முற்றாக நீக்கவில்லை.

எனினும் வேறொன்றையும் சொல்லியாகவேண்டும். தடை நீங்கியது, 2009 இல் போரும் முடிந்தது, பாதை திறந்து பண்டங்கள் வெள்ளமாக வந்தன. தவணை முறையில் தொலைக்காட்சி, குளிர்ப்பெட்டி, கைத்தொலைபேசி. வன்னியின் சிதைந்த வாகனங்களும் இயந்திரங்களும் பழைய இரும்பாக லொறியேறித் தெற்கே போயின. திருத்துபவர் கையிலிருந்த அறிவுக்கு மதிப்புப் போயிற்று; அது தேவையற்றதாகியதால் அன்று, திருத்த முடியாதபடி பண்டங்கள் செய்யப்பட்டதால். 1981 இன் ஐபிஎம் கணனிக்கு அந்நிறுவனமே மின்சுற்றுப் படங்களோடு தொழில்நுட்பக் கைந்நூல் வெளியிட்டது. இன்றைய கைத்தொலைபேசி பசையால் ஒட்டப்பட்டு வருகிறது, திறந்தாற் பொறுப்புறுதி இல்லை, படமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு பணிப்புரையை நிறைவேற்ற வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருக்கிறது. வாங்கியவனுக்கு அவன் வாங்கிய பொருளையே மறைத்துவைக்கும் இந்த ஏற்பாட்டை நான் களவு என்றே சொல்வேன்.

செல்வ நாடுகளும் இந்த மறதிக்கு விலக்கல்ல. அமெரிக்காவின் நாசா 1966, 1967 ஆம் ஆண்டுகளில் ஐந்து ‘லூனார் ஓர்பிற்றர்’ கலங்களை அனுப்பிச் சந்திரனைப் படமெடுத்தது. படங்கள் காந்த நாடாக்களில் இருந்தன; அவற்றைப் படிக்கும் அம்பெக்ஸ் ‘எவ்ஆர் 900’ என்ற இயந்திரங்கள் அருகிப்போயின. நான்சி எவன்ஸ் என்ற ஆவணக் காப்பாளர் நாடாக்கள் அழிக்கப்படாமற் காத்தார். இயந்திரங்களையும் தம் வீட்டில் ஆண்டுக்கணக்காக வைத்திருந்தார். 2007 இல் டெனிஸ் விங்கோ, கீத் கௌவிங் என்போர் அவற்றைத் தேடிச் சென்று, நாசாவின் ஏம்ஸ் வளாகத்தில் மூடிக்கிடந்த ஓர் உணவுக்கடையிலே வைத்துத் திருத்தினர். 2008 இல், சந்திரனின் விளிம்பில் பூமி தோன்றும் 1966 ஆம் ஆண்டுப் படம் புதிய தெளிவோடு கிடைத்தது. நிலவுக்கு மனிதனை அனுப்பிய அரசின் நினைவு, ஒரு பெண்ணின் பிடிவாதத்திலும் சில தொழிலாளரின் விரல்களிலும் தங்கியிருந்தது. மாஸ்டரின் பிஸ்கற் தகரத்துக்கும் அதற்கும் அளவில்தான் வேறுபாடு.

இனி எங்கள் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். குறிப்பாக, என் பிழை. செலுத்தி இயங்கத் தொடங்கிய மகிழ்ச்சியில், மேலே கிடந்த முதல் வட்டை எடுத்து நானே உள்ளே செருகினேன். அதன் முகத்திலே சாம்பல் நிறத்திற் பூஞ்சணம் பூத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. தலை வட்டைத் தொட்டே படிக்கும் என்று மேலே சொன்னேன். தொட்டது, சுரண்டிற்று. ஒரு கீச்சொலி கேட்டது. வெளியே எடுத்தபோது ஒட்சைட்டுப் பூச்சு வட்ட வட்டமாக உரிந்து, உள்ளிருந்த பிளாத்திக்கு கண்ணாடிபோல் தெரிந்தது. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. பதிமூன்று ஆண்டு கட்டிலின் கீழிருந்து அழியாதது, படித்தவன் ஒருவனின் பத்துச் செக்கன் அவசரத்தில் அழிந்தது. எஞ்சிய எட்டையும் திருத்துபவர் தாமே கையாண்டார். உறையின் ஓரத்தைச் சவர அலகாற் பிரித்து, வட்டத்தை உருவி, பற்றறிக்கு விடும் வடித்த நீரிற் கழுவி, நிழலில் உலர்த்தி, வேறு உறையில் இட்டார். தலையை ஒவ்வொரு முறையும் துடைத்தார். ஆறு வட்டுகள் முற்றாக வாசித்தன; ஒன்று பாதி; ஒன்று இன்னும் இல்லை.

செலுத்தியை இன்றைய மடிக்கணனியோடு இணைத்தது ‘கிரீஸ்வீசில்’ என்ற சிறு பலகை. வட்டின் காந்த மாற்றங்களை அப்படியே பதிவுசெய்து, பொருளைப் பின்னர் ஆராய விடுவது அது. கியர் ஃபிரேசர் என்பவர் அதன் செயலியை ஆக்கி, உரிமை எதுவும் கோராமற் பொதுவுக்கு விட்டிருக்கிறார். நிறுவனங்கள் கைவிட்ட நினைவை மீட்கும் கருவி, நிறுவனம் அல்லாத ஒருவரின் கொடையாக வருகிறது. தாமோதரம்பிள்ளையின் வழித்தோன்றல்கள் எங்கெல்லாம் இருக்கிறார்கள்!

ஒன்பது வட்டுகளின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 33 இலட்சம் பைட்டு. இன்றைய கைத்தொலைபேசி எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கே அது போதாது. திரையில் வந்த எழுத்துகள் விசித்திரமாக இருந்தன. ஆங்கில எழுத்தில் அமைந்த பெயர்களிலே ஒவ்வொரு சொல்லின் இறுதி எழுத்தும் குழம்பி, ஏதோ ஒரு குறியாகக் காட்சியளித்தது. மாஸ்டர் பயன்படுத்திய ‘வேட்ஸ்ரார்’ என்ற செயலி, சொல்லின் இறுதியைத் தனக்கு அடையாளப்படுத்த, கடைசி எழுத்தின் எட்டாம் பிற்றை மாற்றிவைக்கும் வழக்கமுடையது. அதை அறிந்தபின் சீராக்குவது சில நிமிட வேலை. அறியுமுன்னர், வால் வெட்டுண்ட பெயர்களாகவே அவை நின்றன. (பின்னாளிற் பாமினி எழுத்துருவில் எழுதியோருக்கும் இதே கதிதான். அந்த எழுத்துரு இல்லாத கணனியிலே ‘தமிழ்’ என்ற சொல், ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும்.)

பெயர்கள் சீராயின. இங்கேதான் இயந்திரம் முடிந்து அறம் தொடங்குகிறது என்று நான் நினைத்தேன். அது தவறு, அறம் முதல் திருகாணியிலேயே தொடங்கியிருந்தது. எனினும் புதிய கேள்வி ஒன்று இப்போது எழுந்தது. இந்த இடாப்பு யாருக்கு உரியது? அதிலுள்ள இளைஞர்களிற் சிலர் இன்று ரொறன்ரோவிலும் பாரிஸிலும் பேரப்பிள்ளை கண்டிருக்கலாம். சிலர் போரில் இறந்தனர். சிலரைப்பற்றி ஒன்றும் தெரியாது. 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சியிலே காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரம் அமர்ந்து தொடங்கிய போராட்டத்தை வாசகர் அறிவர். அத்தாய்மாருக்கு ஒரு வரி, ஒரு பிறந்த ஆண்டு, ஒரு பரீட்சைப் புள்ளி, தன் பிள்ளை இவ்வுலகில் நடமாடினான் என்பதற்கு இன்னொரு சாட்சி. எல்லாவற்றையும் உடனே இணையத்தில் இடுவோம் என்று நான் சொன்னேன்.

மாஸ்டர் மறுத்தார். “இடாப்பு எண்டால் என்னெண்டு உமக்குத் தெரியாது, தம்பி,” என்றார். 1983 யூலையிலே கொழும்பில் காடையர் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தமிழரைத் தேடியதை அவர் மறக்கவில்லை. அதன் பின்னரும் முகாம் வாசல்களில் எத்தனை பெயர்ப்பட்டியல்கள், எத்தனை தலையசைப்புகள்! பெயரைக் காப்பதும் பெயரைக் காட்டிக்கொடுப்பதும் ஒரே தாளிலேயே நிகழக்கூடும். எழுத்தை மீட்பது நன்மை என்பதில் ஐயமில்லை. மீட்டதை யாவர்க்கும் திறப்பதும் அதே அளவு நன்மை என்று நான் எண்ணியது, ஏட்டுச்சுவடிகளோடு மட்டும் பழகியவனின் மயக்கம். கலித்தொகையிலே வரும் தலைவனை எவரும் கைதுசெய்யப்போவதில்லை.

திருத்துபவர் இவ்வாதத்தை வேலை செய்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “கேக்கிற ஆளுக்கு அவையின்ர வரியை மட்டும் குடுப்பம். போன் திருத்த வாற ஆக்களின்ர படத்தை நான் பாக்கிறேல்லை, சேர். அது மாதிரித்தான்.” பழுதுபார்ப்பவன் அடுத்தவரின் அந்தரங்கத்தைத் தினமும் கையில் வைத்திருப்பவன், திறக்கத் தெரிந்தவனே திறவாதிருக்கவும் கற்றிருக்கிறான். நான் வகுப்பிலே அறநூல்களைக் கற்பிக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு நடைமுறையாக ஒரு விதியை வகுக்க எனக்குத் தோன்றவில்லை.

2013 இல் க. பொ. த. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. நல்ல செயல். ஆனால் கணிதமும் விஞ்ஞானமும் வராத பிள்ளையை அனுப்பும் இடமாக அதனை நம் பெற்றோரும், சொல்ல வெட்கமாயினும், நம் ஆசிரியரும் கருதுகின்றனர். கறுத்த கையை இழிவென்று கண்ட பழைய சாதிப் பார்வை, பாடத்தெரிவு என்ற புதிய உடையில் நிற்கிறது. நான் திருத்துபவரை ஒருநாள் வகுப்புக்கு அழைத்தேன். “நான் என்னத்தைச் சேர் சொல்றது, எட்டாம் வகுப்பு” என்று அவர் தயங்கினார். இரண்டாம் முறை கேட்டபோது வந்தார். செலுத்தியையும் அரிசி ஆலை ரியூப்லைற்றையும் கொண்டுவந்தார். இருபது கோடுகள் நின்றபோது, தடை நல்லதா என்று கேட்ட அதே மாணவி முன்வரிசைக்கு வந்து, திருகியைத் தான் ஒருமுறை திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் திருகாணிச்செலுத்தியை அவளிடம் கொடுத்தார். கோடுகள் ஊர்ந்தன. நிறுத்த அவளுக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. பாடவேளை மணி அடித்தது எவர் காதிலும் விழவில்லை.

இடாப்பின் அச்சுப்படி ஒன்று மாஸ்டரிடம் இருக்கிறது. ஆங்கில எழுத்திலிருந்த பெயர்களுக்குப் பக்கத்தில் அவர் தமிழில் எழுதிவருகிறார். எந்த நகரம், எந்த ளகரம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். இதுவரை இரு குடும்பங்கள் கேட்டு வந்து தத்தம் வரியைப் பெற்றுச் சென்றன. வாசிக்காத வட்டு இன்னும் திருத்தகத்தில் இருக்கிறது. அதன்மேல் பென்சிலால் எழுதிய ‘1989 மார்கழி’ என்ற சொற்கள் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன. ஈரமான மாதம் கழியட்டும், அதன்பின் தொடலாம் என்கிறார் அவர்.